டம்பிள்டோருக்குக் காதல் உண்டா? வினாடி வினாவில் கிளம்பிய வழக்கு

சோகநாசினிக்கரை எழுதியது:

எங்க ஊர்ப்பக்கம் ஜூன் 19 வந்தா வாயனாதினம், அதாவது வாசிப்பு நாள். கேரளத்துல ஊர் ஊராக் கிரந்தசாலை (நூலக) இயக்கத்தைக் கட்டியெழுப்பின பி.என். பணிக்கரோட நினைவு நாள். அன்னிக்குத் தொடங்கி ஒரு வாரம் கதை, கவிதை, வினாடி வினான்னு ஓடும். நம்ம சித்தூர் தாலூக்காவுல கிரந்தசாலைன்னா தமிழ் அலமாரி ஒரு பக்கம், மலையாள அலமாரி ஒரு பக்கம். வினாடி வினா மட்டும் ரெண்டும் கலந்த பாஷையில நடக்கும். கேள்வி போடுறது அடியேன்.

இந்த வருஷம் ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு ஹாரி பாட்டர் ரவுண்டு வச்சேன். கடைசிக் கேள்வி: "ஏழு புத்தகத்துலயும் காதல்னு எதுவும் சொல்லப்படாத ஹாக்வார்ட்ஸ் ஆசிரியர் ஒருத்தர் பேர் சொல்லு." ஒரு டீம் "டம்பிள்டோர்"னுச்சு. பத்து மார்க் போட்டேன். எதிர் டீம்ல ஒரு ஒன்பதாங்கிளாஸ் பொண்ணு எந்திரிச்சு, "இல்ல மாஷே (வாத்தியாரே), அவர் கிரிண்டல்வால்டைக் காதலிச்சார். எழுதினவங்களே சொல்லிட்டாங்க"ன்னா. புத்தகத்துல இல்லையேம்மான்னேன். "அப்ப எழுதினவங்க சொல்றது கணக்கில்லையா?"ன்னு திருப்பிக் கேட்டுட்டா. அந்தப் பத்து மார்க்லதான் கோப்பை யாருக்குன்னு முடிவாகணும். அதுக்குள்ள பின் பெஞ்சுல இருந்த ஒரு அப்பா, "பிள்ளைக முன்னாடி இதென்ன பேச்சு"ன்னு ஆரம்பிச்சுட்டார். கோப்பையை மேசை மேலயே வச்சுட்டு எல்லாருக்கும் சாயா கொடுத்து அனுப்பினோம்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: டம்பிள்டோர், ஹாரி படிக்கிற ஹாக்வார்ட்ஸ் மந்திரப் பள்ளியோட தலைமை ஆசிரியர். கிரிண்டல்வால்டு அவரோட இளவயசு சினேகிதன், பின்னாடி கொடிய மந்திரவாதியா மாறினவன். ஏழாவது புத்தகம் வந்தது 2007 ஜூலை 21. அதே வருஷம் அக்டோபர் 19ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹால்ல, எழுதின ஜே.கே. ரௌலிங் வாசகர்களைச் சந்திச்சார். அன்போட சக்தியை அவ்வளவு நம்பின டம்பிள்டோர் யாரையாவது காதலிச்சிருக்காரான்னு ஒருத்தர் கேட்டார். டம்பிள்டோரை எப்பவுமே ஒரு கே-யாத்தான் (ஆணை விரும்புற ஆணாத்தான்) மனசுல வச்சிருந்தேன், கிரிண்டல்வால்டு மேல காதலா இருந்தார்னு பதில் வந்தது.

கோப்பை விவகாரத்தைக் கமிட்டி பார்த்துக்கும். எனக்கு வேண்டியது இதுதான்: அச்சாகிக் கைக்கு வந்த புத்தகத்துக்குள்ள, வெளியில நின்னு ஆசிரியர் பேசினது சேருமா, சேராதா?

---

வேலந்தாவளம் சந்தை எழுதியது:

சேராதுங்க. மாட்டை வித்து, கயித்தையும் கையில கொடுத்து, காசையும் எண்ணி வாங்கியாச்சு. மூணு மாசம் கழிச்சு வந்து "அந்த மாட்டுக்கு நான் மனசுக்குள்ள வச்ச பேரு லட்சுமி"ன்னா? சந்தோசம். எங்க வீட்டுல அது பேரு செவலைதான்.

---

வண்டிப்பெரியாறு இரண்டாம் டிவிஷன் எழுதியது:

மேலே சொன்னவருக்கு ஒரு ஓட்டு. இந்த ரௌலிங் அம்மா ஒரு தடவை சொன்னதோட விட்டாங்களா? 2014ல ஹாக்வார்ட்ஸ்ல யூத மாணவர் உண்டான்னு ட்விட்டர்ல கேட்டாங்க. ஆந்தனி கோல்ட்ஸ்டைன்னு ஒரு பேரை எடுத்துக் கொடுத்தாங்க. அதே வருஷம் ஒரு பேட்டியில ஹாரியோட சினேகிதங்க ரானையும் ஹெர்மயனியையும் சேர்த்து வச்சதே தன் ஆசைக்குத்தான்னு சொன்னாங்க. அடுத்த வருஷம் ஹாரி பாட்டர் நாடகத்துக்குக் கறுப்பின நடிகை ஹெர்மயனியாத் தேர்வானப்ப, வெள்ளைத் தோல்னு நான் எங்கயும் குறிப்பிடலையேன்னாங்க. (அந்த நடிகையைத் திட்டினவங்க பக்கம் நான் இல்லை. அதை முன்னாடியே சொல்லிடுறேன்.)

எனக்கு உறுத்துறது இதுதான். ஏழு புத்தகம், ஆயிரக்கணக்கான பக்கம். அதுல ஒரு வரி எழுதியிருந்தா விற்பனை குறையுமோ, பள்ளிக்கூட லைப்ரரியில எடுத்துருவாங்களோன்னு யோசிக்க வேண்டியிருந்திருக்கும். எல்லாம் வித்து முடிச்ச பிறகு மேடையில சொல்றதுக்கு ஒரு பைசா செலவில்லை. கைதட்டல்தான் வரவு. எஸ்டேட்ல போனஸ் கேட்டா, "கொடுக்கணும்னு எப்பவும் மனசுல இருந்துச்சு"ன்னு மேனேஜர் சொல்வார். அதைக் கொண்டுபோய் ரேஷன் வாங்க முடியுமா?

---

வேலந்தாவளம் சந்தை எழுதியது:

கடைசி வரிக்குப் பத்து லைக் போடலாம்னா ஒண்ணுதான் போட விடுது.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

ரொம்ப நாளா வாசிச்சுட்டு மட்டும் போற ஆள் நான். இன்னிக்கு எழுதணும்னு தோணுச்சு.

"புத்தகத்தில் இல்லை, அதனால் இல்லை"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு கேள்வி. அதே கார்னகி ஹால், அதே ராத்திரி, அதே வாயால ரௌலிங் இன்னொண்ணும் சொன்னார். ஹாரி கூடப் படிச்ச நெவில் லாங்பாட்டம், ஹன்னா ஆபட்டைக் கல்யாணம் பண்ணிக்கிறான். அந்த ஹன்னா பிற்பாடு லீக்கி கால்ட்ரன் விடுதியை எடுத்து நடத்துறா. இது ஏழு புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு? எங்கயும் இல்லை. இந்தப் பதினெட்டு வருஷத்துல யாராவது "ஆதாரம் காட்டு"ன்னு கேட்டீங்களா? வினாடி வினாவுல "நெவிலின் மனைவி யார்?"னு கேட்டு "ஹன்னா"ன்னு பதில் வந்தா மாஷ் மார்க் போட்டிருப்பார். போட்டே இருப்பார்.

மெக்கோனகல் டீச்சருக்கு இளமையில ஒரு விவசாயி மகன் மேல காதல், அப்புறம் வயசான காலத்துல கல்யாணம், கணவர் சாவுன்னு முழு வாழ்க்கையையும் பாட்டர்மோர் தளத்துல பின்னாடி எழுதினாங்க. அதையும் எல்லாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டோம்.

ஆணும் பொண்ணும்னா ஆசிரியர் வாய்ச்சொல் போதும். ஆணும் ஆணும்னா பக்க எண் வேணும். இந்த அளவுகோலை எங்க வாங்கினீங்க?

---

சோகநாசினிக்கரை எழுதியது:

நல்ல அடி. வாங்கிக்கிறேன். ஆனா முழுசா ஒத்துக்க முடியலை.

நெவில் யாரைக் கட்டினாலும் கதையில ஒரு வரி நகராது. வில்லனோட பாம்பு நாகினியை வெட்டின நெவில், நாகினியை வெட்டின நெவில்தான். டம்பிள்டோர் கதை அப்படியில்லையே. கிரிண்டல்வால்டு ஐரோப்பாவைப் பாடாய்ப் படுத்தும்போது வருஷக்கணக்கா இந்த மனுஷன் ஏன் எதிர்த்துப் போகலை? 1945ல போய் மோதி ஜெயிச்சார். அதுவரைக்கும் எதுக்குக் காத்திருந்தார்? புத்தகத்துல அவர் சொல்ற காரணம், தங்கச்சி அரியானாவைக் கொன்ற மந்திரம் யார் கோல்ல இருந்து வந்ததுங்கிற உண்மையைத் தெரிஞ்சுக்கப் பயம். அதோட காதலும் இருந்ததுன்னா, அது கதையோட அச்சாணி. அச்சாணியைக் கழட்டிப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு வண்டியை வித்தது சரியாங்கிறதுதான் என் கேள்வி. பெரிய விஷயம்ங்கிறதாலதான் புத்தகத்துல இருந்திருக்கணும்னு சொல்றேன். ஆண், பெண் கணக்கு எனக்கில்லை.

---

புத்தகப்புழு கொழிஞ்சை எழுதியது:

மாஷ், நான் லைப்ரேரியன். புத்தகத்துல இருக்கா இல்லையான்னு மனப்பாடமாச் சண்டை போடுறதுக்கு அலமாரியைத் திறக்கறது சுலபம்னு நேத்து சாயங்காலம் ஏழாவது புத்தகத்தை எடுத்தேன். அட்டை பிய்ஞ்சு, ஸெல்லோடேப் போட்டு, ரெண்டு ஃபாரம் கழண்டு தொங்குது. அந்தப் பொண்ணும் கூட உட்கார்ந்தா.

பதினெட்டாம் அத்தியாயம். ரீட்டா ஸ்கீட்டர் எழுதின டம்பிள்டோர் வாழ்க்கை வரலாறை ஹாரி படிக்கிற இடம். அதுல கிழவி பதில்டா பாக்ஷாட் சொல்றது வருது. கிரிண்டல்வால்டு அவளுக்குப் பேரன் முறை. ரெண்டு பையன்களும் பார்த்த உடனே ஒட்டிக்கிட்டாங்களாம். பகல் முழுக்கப் பேசிட்டுப் பிரிஞ்ச பிறகும், ராத்திரியில கெல்லெர்ட் ரூம் ஜன்னலை ஒரு ஆந்தை தட்டுற சத்தம் கேக்குமாம். ஆல்பஸ் கிட்டேர்ந்து கடிதம். ஏதோ ஒரு யோசனை தோணியிருக்கும், விடியற வரைக்கும் பொறுக்காது, அப்பவே அவனுக்குச் சொல்லியாகணும்.

சேட்டன்மாரே, சேச்சிமாரே, பகல் பூரா பேசிட்டு வந்து ராத்திரி மறுபடியும் கடிதம் எழுதுற வியாதிக்கு நம்ம நாட்டுல என்ன பேரு? தலைவனை விட்டுத் தள்ளி இருக்க மாட்டாத தலைவிக்கு மட்டும்தான் இந்தத் தவிப்பு வருமா?

அப்புறம் முப்பத்தஞ்சாம் அத்தியாயம், கிங்ஸ் கிராஸ். செத்துப்போன டம்பிள்டோரே ஹாரிகிட்ட ஒத்துக்கிறார்: அவனோட எண்ணங்கள் என்னை எப்படிப் பிடிச்சுது, எப்படிக் கொழுந்துவிட்டு எரியவச்சுதுன்னு உன்னால கற்பனை பண்ணவே முடியாதுங்கிற மாதிரி. 'எண்ணங்கள்'னுதான் இருக்கு. ஆனா எந்த மனுஷனும் ஒரு கமிட்டி அறிக்கையைப் பத்தி அப்படிப் பேசமாட்டான்.

அந்தப் பொண்ணு ஆந்தை வர்ற வரியை ரெண்டு தடவை படிச்சுட்டு, "இதை நான் போன வருஷமே படிச்சேன் சேச்சி, அப்ப ஒண்ணும் தோணலை"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "இதே கடிதம் ஒரு பொண்ணுக்குப் போயிருந்தா தோணியிருக்கும்"னா.

---

வேலந்தாவளம் சந்தை எழுதியது:

சேச்சி சொன்ன பிறகு நானும் எடுத்துப் பார்த்தேனுங்க. ஆந்தை இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா சின்ன வயசுல சினேகிதன்னா அப்படித்தான் இருக்கும். நானும் என் கூட்டாளியும் ஒழலப்பதி டூரிங் டாக்கீஸ்ல செகண்ட் ஷோ பார்த்துட்டு வந்து, மறுபடியும் விடியற வரைக்கும் திண்ணையில பேசியிருக்கோம். அதுக்கு என்ன சொல்வீங்க?

---

புத்தகப்புழு கொழிஞ்சை எழுதியது:

ஒண்ணும் சொல்லமாட்டேன். நீங்களும் முப்பத்தஞ்சு அத்தியாயம் கழிச்சு, செத்த பிறகு வந்து, அந்தத் திண்ணையைப் பத்திக் கண் கலங்கிப் பேசினா அப்போ யோசிப்பேன்.

---

நகரி நெசவு எழுதியது:

தறி ஓட்டிக்கிட்டே ஃபோன்ல படிச்சேன், சிரிச்சதுல ஒரு இழை அறுந்துபோச்சு.

சித்தூர் (எங்க ஆந்திரா சித்தூர், உங்க கேரளா சித்தூர் இல்லை) மாவட்டத்துக்காரன் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இந்த வழக்கு நமக்குப் புதுசில்லை. கல்கி 'பொன்னியின் செல்வ'னை 1950லேர்ந்து 1954 வரை பத்திரிகையில தொடரா எழுதி முடிச்சார். முடிச்ச பிறகு வாசகர்கள் விடலை. அந்தப் பாத்திரம் என்னாச்சு, இந்தக் கல்யாணம் நடந்துச்சான்னு குடைஞ்சாங்க. அவர் முடிவுரைன்னு ஒண்ணு எழுதி, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, அதுவும் புத்தகத்தோட சேர்ந்தே அச்சாச்சு. வந்தியத்தேவன், குந்தவை கல்யாண விஷயத்துக்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சிக்கு இருக்கு. அங்க ஆசிரியர் சொன்னதும் புத்தகத்துக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. மேடைப்பேச்சுக்கும் முடிவுரைக்கும் அதுதான் வித்தியாசம். எழுத மனசிருந்தா ரௌலிங்கும் அடுத்த பதிப்புல ஒரு பக்கம் சேர்த்திருக்கலாம்.

இன்னொரு பக்கம் பெருமாள்முருகன். 'மாதொருபாகன்' நாவல் முடியற இடத்துல அதோட நாயகன் காளிக்கு என்னாச்சுன்னு ஆளாளுக்குக் கேட்டாங்க. அவர் ஒரு பதில் சொல்லி வாயை மூடலை. 'ஆலவாயன்', 'அர்த்தநாரி'ன்னு ரெண்டு நாவல் எழுதினார். ஒண்ணுல காளி இல்லை, இன்னொண்ணுல இருக்கான். எது நிஜம்னு கேட்டா ரெண்டையும் படின்னு அர்த்தம். பின்னாடி பேசுறதுன்னா அப்படிப் பேசணும், வாசகனுக்கும் ஒரு வேலை வச்சு.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் 1967ல 'ஆசிரியரின் மரணம்'னு எழுதினதை நம்ம சிறுபத்திரிகைக்காரங்க தேயத் தேய மேற்கோள் காட்டியிருக்காங்க. எழுதி முடிச்ச பிறகு எழுதினவன் சொல்லுக்குத் தனி அதிகாரம் கிடையாதுங்கிறது அதோட சாரம். எங்களுக்கு 2015 ஜனவரியில வேற மாதிரி ஒரு ஆசிரியர் மரணம் பார்க்கக் கிடைச்சுது. 'மாதொருபாகன்' நாவலுக்காகச் சாதிச் சங்கங்கள் பண்ணின மிரட்டல் தாங்காம பெருமாள்முருகன் தன்னைத்தானே செத்துட்டதா ஃபேஸ்புக்குல அறிவிச்சார். அடுத்த வருஷம் ஜூலையில சென்னை உயர் நீதிமன்றம்தான் அவரை எழுதச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்துச்சு. அதனால "ஆசிரியர் வாயை மூடணும்"னு யார் சொன்னாலும், சொல்றது பிரெஞ்சுக்காரரா, சாதிச் சங்கமான்னு நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்குவேன்.

---

(ஒரு பதிவு நீக்கப்பட்டது.)

நெறியாளர் எழுதியது:

பிள்ளைகளைப் பற்றிய அக்கறையைச் சொல்வது வேறு, இழையில் இருக்கிற ஒருவரை வசை பாடுவது வேறு. இரண்டாவதை எடுத்துவிட்டேன். மறுபடியும் வந்தால் ஆளையும் எடுப்பேன்.

---

வேலந்தாவளம் சந்தை எழுதியது:

நீக்கினது என் பதிவு இல்லைங்கிறதை இங்கயே சொல்லிக்கறேன். கேலி பண்ணுவேன், வசவு பாட மாட்டேன்.

அந்தப் பின் பெஞ்ச் அப்பா எனக்குத் தெரிஞ்சவர்தான். 2023 நவம்பர்ல மம்மூட்டி நடிச்ச 'காதல்' படத்துக்குக் குடும்பத்தோட பாலக்காடு போய் வந்தவர். பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கிற ஆள், பொண்டாட்டி விவாகரத்துக் கேக்குறா, கோர்ட்ல எல்லாம் வெளிய வருது. படம் நல்லாருக்கு, மம்மூக்கா கண்ணாலயே நடிச்சிருக்கார்னு டீக்கடையில ஒரு வாரம் பேசினார். மாநில விருது வந்தப்பவும் அவர்தான் முதல்ல சொன்னார். மம்மூட்டிக்கு ஒரு நியாயம், தாடிக்காரக் கிழவனுக்கு ஒரு நியாயமான்னு நாளைக்கு நேர்ல கேக்குறேன்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

சந்தைக்காரருக்கு நன்றி.

2007 அக்டோபர்ல நான் கோயமுத்தூர்ல காலேஜ் ஹாஸ்டல். மெஸ்ல பேப்பர் வரும், பக்கம் பக்கமாப் பிரிச்சு ஆளுக்கொண்ணு படிப்போம். உள்பக்கத்துல கட்டம் கட்டி இந்தச் செய்தி. என் ரூம்மேட்தான் சத்தம் போட்டுப் படிச்சான். மேசையில எல்லாரும் சிரிச்சாங்க. அடுத்த ஒரு மாசம் தாடி வச்ச ஒரு வாத்தியாருக்கு டம்பிள்டோர்னு பேர் வச்சு, அவர் கிளாசுக்கு வரும்போதெல்லாம் இருமுவாங்க. அந்த வாத்தியாருக்குக் கடைசி வரைக்கும் காரணம் தெரியாது. நானும் இருமினேன். இருமலைன்னா ஏன் இருமலைன்னு பார்ப்பாங்க.

அதனால அந்த அறிவிப்பு எனக்கு விடுதலை கொடுத்துச்சுன்னு கதை விடமாட்டேன். ஆனா ராத்திரி ஒரு விஷயம் யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆளுங்க அதுவரைக்கும் சினிமாவுல வந்தது வடிவேலு காமெடிக்குப் பக்கத்துல நடுங்கிக்கிட்டே வர்ற துணைப் பாத்திரம்தான். இங்க ஒருத்தர், பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியர். நாட்டுலயே பெரிய மந்திரவாதி. வில்லன் பயப்படுற ஒரே ஆள். ஆறு புத்தகம் நான் நேசிச்ச கிழவன். நேசிச்சு முடிச்ச பிறகு சொன்னாங்க. முதல்லயே சொல்லியிருந்தா என் ரூம்மேட் முதல் புத்தகத்தையே எடுத்திருக்க மாட்டான்.

அப்போ நம்ம நாட்டுல ஓரினச் சேர்க்கையைக் குற்றமாக்கின 377ஆம் பிரிவு இருந்துச்சு. 2009ல டெல்லி உயர் நீதிமன்றம் எடுத்தது, 2013ல உச்ச நீதிமன்றம் திருப்பி வச்சது, 2018 செப்டம்பர் 6ல மறுபடியும் எடுத்தது. இங்கிலாந்து மட்டும் அப்ப சொர்க்கமா? 1988லேர்ந்து அங்க 28ஆம் பிரிவுன்னு ஒண்ணு. உள்ளாட்சி அமைப்புகள் ஓரினச் சேர்க்கையை 'ஊக்குவிக்க'க் கூடாது, அவங்க நடத்துற பள்ளிகள்ல அதைக் குடும்ப உறவா ஏத்துக்கலாம்னு சொல்லிக் கொடுக்கவும் கூடாது. முதல் ஹாரி பாட்டர் வந்த 1997ல அந்தச் சட்டம் நடப்புல இருக்கு. இங்கிலாந்துல அதை எடுத்ததே 2003 நவம்பர்ல. பள்ளிக்கூட லைப்ரரியை நம்பி வந்த புத்தகம், அந்த வருஷங்கள்ல தலைமை ஆசிரியரை வெளிப்படையா கே-ன்னு எழுதியிருந்தா என்ன ஆகியிருக்கும்?

---

வண்டிப்பெரியாறு இரண்டாம் டிவிஷன் எழுதியது:

ஹாஸ்டல் விஷயம் படிச்சு மனசு கனத்துப்போச்சு தம்பி. ஆனா சட்டக் கணக்குல விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்க சொன்ன தேதியையே வச்சுப் பாருங்க. ஆறாவது புத்தகம் 2005, ஏழாவது 2007. ரெண்டும் அந்தச் சட்டம் போன பிறகு வந்தது. அப்பவும் ஒரு வரி வரலை. அந்த நேரத்துல உலகத்துலயே அதிகமா விக்கிற எழுத்தாளர் அவங்க. யார் மறுத்திருப்பாங்க?

அதுக்குப் பிறகு நடந்ததைப் பாருங்க. இளவயசு டம்பிள்டோரை வச்சே படம் எடுத்தாங்க. 2018ல வந்த படத்துக்கு முன்னாடி, இதுல அது வெளிப்படையா இருக்காதுன்னு டைரக்டரே சொன்னார். அதுக்கடுத்த படம் 2022. அதுல வாய் திறந்து, உன்னைக் காதலிச்சேன்னு டம்பிள்டோர் சொல்றார். சீனாவுல வெட்டச் சொன்னாங்க, கம்பெனியும் வெட்டிக் கொடுத்துச்சு. மொத்தம் ஆறு செகண்ட். ஆறு செகண்டை எடுத்த பிறகும் படம் பிசிறில்லாம ஓடுச்சு. அதுக்காகவேதான் ஆறு செகண்ட்ல வச்சிருக்காங்கன்னு எனக்குச் சந்தேகம்.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

ஆறு செகண்ட் விஷயத்துல உங்க பக்கம்தான் அக்கா. அது வியாபாரம்.

ஆனா மேடையில வாய்க்கு வந்ததை அவிழ்த்து விட்டாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. ஆறாவது படத்துக்குத் திரைக்கதை வாசிக்கும்போது, டம்பிள்டோர் பழைய காலத்துப் பொண்ணு ஒருத்தியை நினைச்சுப் பேசுற மாதிரி ஒரு வசனம் இருந்துச்சாம். அவர் கே-ன்னு ஒரு குறிப்பு எழுதித் திரைக்கதை ஆசிரியர் பக்கம் தள்ளினதா அதே கார்னகி ஹால்ல ரௌலிங் சொன்னார். அந்த வசனம் அப்படியே படத்துல வந்திருந்தா என்ன ஆகியிருக்கும்? இன்னிக்கு இதே இழையில "அவருக்கு ஒரு காதலி இருந்தாளே, படத்துல வருதே"ன்னு ஆதாரம் காட்டியிருப்பீங்க. புத்தகத்துல இல்லாத காதலிக்கு.

ஒண்ணும் எழுதாம விட்ட இடத்தை உலகம் காலியா விடாது. தானாவே ஒரு பொண்ணைக் கொண்டுவந்து உட்கார வச்சிரும். சொல்லாம விட்டதுக்காக அவங்களை நானும் குறை சொல்றேன். சொன்னதுக்காகக் குறை சொல்ல மாட்டேன்.

---

நகரி நெசவு எழுதியது:

கடைசிப் பத்தியைத் தனியா எடுத்து வச்சுக்கிட்டேன்.

'யார் சொன்னா கணக்கு'ன்னு அந்தப் பொண்ணு கேட்டதுக்கு வேடிக்கையான ஒரு கேஸ் இருக்கு. அமெரிக்காவுல 'செஸமி ஸ்ட்ரீட்'னு குழந்தைகள் நிகழ்ச்சி, அதுல பெர்ட், எர்னின்னு ரெண்டு பொம்மைகள், ஒரே வீட்டுல இருப்பாங்க. 2018ல அதுக்கு முன்னாடி எழுதிக்கிட்டிருந்த மார்க் சால்ட்ஸ்மன், அவங்களை ஒரு ஜோடியா நினைச்சுத்தான் எழுதினேன்னார். தயாரிக்கிற நிறுவனம், அவங்க நண்பர்கள்தான், பொம்மைகளுக்குப் பாலீர்ப்பே கிடையாதுன்னு அறிக்கை விட்டுச்சு. பெர்ட்டுக்குள்ள கையை விட்டு உயிர் கொடுத்த ஃப்ராங்க் ஆஸும் இல்லைன்னு எழுதினார். எழுதினவர் ஒண்ணு, ஆட்டினவர் ஒண்ணு, சொத்துக்காரர் ஒண்ணு. புத்தகத்துக்கு ஒரே ஆசிரியர்ங்கிறதால நமக்குத் தப்பிச்சுது. இல்லைன்னா மாஷுக்கு முப்பது மார்க் தேவைப்பட்டிருக்கும்.

'கோரா' கார்ட்டூன் கதையும் உண்டு. 2014 டிசம்பர் 19ல கடைசி எபிசோடு. ரெண்டு பொண்ணுங்க கைகோத்து, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்து நிக்கிறதோட முடியும். மூணாம் நாள் அதை உருவாக்கினவங்க, ஆமாம், அது காதல்தான்னு எழுதினாங்க. அங்க யாரும் பெருசா ஏமாந்த மாதிரி கோவப்படலை. காட்சி ஏற்கெனவே பாதி சொல்லியிருந்துச்சு, இவங்க மீதியைச் சொன்னாங்க. கார்னகி ஹால்ல அத்தனை பேர் திகைச்சதுக்குக் காரணம், ஆந்தையை யாரும் கவனிக்கலைங்கிறதுதான்.

---

சோகநாசினிக்கரை எழுதியது:

கமிட்டி முடிவு: கோப்பை ரெண்டு டீமுக்கும். ஆறு மாசம் ஒரு ஸ்கூல், ஆறு மாசம் இன்னொரு ஸ்கூல். கமிட்டி எப்பவும் எடுக்கிற முடிவுதான், ஆச்சரியமில்லை.

என் முடிவைத் தனியாச் சொல்றேன், கமிட்டியைச் சேராது. ஆசிரியர் சொன்னதுங்கிறதுக்காக அந்தப் பொண்ணுக்கு மார்க் கிடையாது. ஆந்தைக்காகப் பத்து மார்க் உண்டு. 'டம்பிள்டோர்'னு சொன்ன டீமுக்கும் பத்து உண்டு, ஏன்னா கேள்வியில "சொல்லப்படாத"ன்னுதான் இருக்கு. சொல்லப்படலை, அது நிஜம். சொல்லாம இருந்ததுக்கு யார் பொறுப்புங்கிறதுல நான் வண்டிப்பெரியாறு அம்மா பக்கம்.

---

வண்டிப்பெரியாறு இரண்டாம் டிவிஷன் எழுதியது:

மாஷ் தீர்ப்பு சபரிமலை சீசன் டிராஃபிக் போலீஸ் மாதிரி. எல்லாரையும் விட்டாச்சு.

---

புத்தகப்புழு கொழிஞ்சை எழுதியது:

அடுத்த மாசம் சினிமா வட்டத்துல பத்மராஜனோட 'தேசாடனக்கிளி கரயாறில்ல' போடறோம். 1986ல வந்தது. ஸ்கூல் டூர்ல இருந்து ரெண்டு பொண்ணுங்க, நிம்மியும் சாலியும், தப்பிச்சு ஓடிப்போற கதை. வந்த காலத்துல பலரும் இதைக் கண்டிப்பான பள்ளிக்கூடத்தைப் பத்தின படமாப் பார்த்தாங்க. பின்னாடி வந்தவங்க அதை ரெண்டு பொண்ணுங்களோட காதலாப் பார்த்தாங்க. பத்மராஜன் 1991 ஜனவரியில போய்ட்டார். எந்த மேடையிலயும் ஏறி ஆமாம்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இந்த இழைக்காரங்க எல்லாரும் வரணும். சப்டைட்டில் இல்லை, தமிழ்ப்பக்கத்துக்காரங்களுக்கு நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லித் தர்றேன்.

---

வேலந்தாவளம் சந்தை எழுதியது:

பார்த்த படம்தான் சேச்சி. அந்தச் சாலிப் பொண்ணு நிம்மியைப் பார்க்கிற பார்வை இருக்கே, அதுக்குப் பத்மராஜன் வந்து சொல்லணும்னே இல்லை.

---

பெயர் வேண்டாம் எழுதியது:

சந்தைக்காரரே, ஆந்தைக்கு மட்டும் திண்ணைக் கதை சொன்னீங்க?

---

வேலந்தாவளம் சந்தை எழுதியது:

அது வாசிச்சதுங்க தம்பி. இது கண்ணால பார்த்தது. படத்துக்கு வாங்க, பேசலாம். பொள்ளாச்சியில இருந்து வர்றதா இருந்தா கடைசி பஸ் எட்டரைக்குப் போயிரும், நான் வண்டியில கொண்டுவந்து விடறேன்.